விரல் தள்ளும்போதே தெரிய வேண்டும்

செல்போன் ஆப்களில் பெரும்பாலான வேலை பட்டியல்களில்தான் நடக்கிறது. வந்த மெயில்கள், வாட்ஸ்அப் செய்திகள், கடைக்கு வந்த ஆர்டர்கள், வர வேண்டிய பாக்கி என எல்லாமே வரிவரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளி, அந்த வரி மீதான ஒரு வேலையை முடிப்பதற்குப் பெயர் ஸ்வைப். ஜிமெயிலில் மெயிலைத் தள்ளினால் அது காப்பகத்துக்குப் போகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை வலப்பக்கம் தள்ளினால் அதற்குப் பதில் எழுதும் இடம் திறக்கிறது.

பட்டன் என்றால் அது திரையில் கண்ணுக்குத் தெரியும். அதன் மேல் பெயரும் இருக்கும். ஸ்வைப் அப்படியல்ல. ஒரு வரியைத் தள்ள முடியும் என்பதும், தள்ளினால் என்ன ஆகும் என்பதும் திரையில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதனால்தான் விரல் நகரத் தொடங்கியதுமே திரை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வரி விரலோடு நகர, அதன் அடியிலிருந்து ஒரு நிறமும், ஒரு படக்குறியும், முடிந்தால் ஒரு சொல்லும் வெளிப்படுகின்றன. விரலை எடுப்பதற்கு முன்பே, எடுத்தால் என்ன நடக்கும் என்று காட்டிவிடுவதுதான் இந்தக் காட்சிவழிப் பதிலின் வேலை. இது இல்லாத ஸ்வைப் பயனருக்கு உதவியல்ல, ஆபத்து.

தொடுதிரையில் இந்த வழக்கத்தை வளர்த்தவர்களில் வேய்ன் வெஸ்டர்மன் முக்கியமானவர். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவருக்குக் கைவலி. விசைப்பலகையை அழுத்தித் தட்டுவதே சிரமமாக இருந்தது. அழுத்தாமல் மெல்லத் தொட்டு நகர்த்தினாலே கணினி புரிந்துகொள்ளும் பலகைகளை உருவாக்க, ஜான் எலியாஸுடன் சேர்ந்து ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2005-இல் ஆப்பிள் அதை வாங்கியது. 2007-இல் வந்த முதல் ஐபோனின் மெயில் ஆப்பிலேயே ஒரு மெயிலின் மேல் விரலை ஓட்டினால் ‘டெலீட்’ பட்டன் தோன்றியது. அந்தப் பட்டனைத் தட்டினால்தான் மெயில் போகும்.

2013 தொடக்கத்தில் வந்த மெயில்பாக்ஸ் என்ற ஆப் இதை வேறொரு கட்டத்துக்குக் கொண்டுபோனது. வலப்பக்கம் கொஞ்சம் தள்ளினால் பச்சை, காப்பகம். இன்னும் தள்ளினால் சிவப்பு, நீக்கம். இடப்பக்கம் கொஞ்சம் தள்ளினால் மஞ்சள், பிறகு பார்க்கலாம். மேலும் தள்ளினால் பழுப்பு, தனிப் பட்டியல். தள்ளத் தள்ள நிறம் மாறுவதைப் பார்த்தே மக்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். வெளியான சில வாரங்களிலேயே டிராப்பாக்ஸ் அதை வாங்கிக்கொண்டது, 2016-இல் மூடியும்விட்டது. ஆனால் அதன் பழக்கம் மற்ற மெயில் ஆப்களில் தங்கிவிட்டது. இருந்தாலும் ஒரு வரிக்கு நான்கு வேலை என்பது சாதாரணப் பயனரின் நினைவுக்கு அதிகப்படியான சுமை. பக்கத்துக்கு ஒரு வேலை போதும்.

இப்போது இதை ஒவ்வொரு நிறுவனமும் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் 2015 முதல் ஐட்டம்டச்ஹெல்பர் என்ற ஆயத்தக் கருவி இருக்கிறது. ஐபோனில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், வரியின் இரு பக்கமும் வேலைகளை வைக்க வழி உண்டு. இரண்டுக்கும் சேர்த்து எழுத உதவும் ஃபிளட்டரில் டிஸ்மிசிபிள் என்ற கருவி இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டுக் கருவி வரியை நகர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளும். அடியில் தெரிய வேண்டிய நிறத்தையும் படக்குறியையும் ஆப் எழுதுபவர்தான் வரைய வேண்டும். ஃபிளட்டரிலும் பின்னணி கட்டாயமில்லை. பல ஆப்களில் வரியைத் தள்ளும்போது அடியில் வெறும் வெள்ளை மட்டும் தெரிவதற்கு இதுவே காரணம்.

விரல் வைத்ததிலிருந்து எடுப்பது வரை நடப்பவற்றை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காக ஒரு ஆப் எழுதப்படுவதாக வைத்துக்கொள்வோம். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் கொண்டுவரும் மல்லிகை எடை போடப்படுகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி அது. ஒவ்வொருவரின் பெயர், கிலோ, விலை, கமிஷன் போகத் தர வேண்டிய தொகை எல்லாம் ஒரு வரியாகப் பதிவாகின்றன. வலப்பக்கம் தள்ளினால் ‘பணம் கொடுத்தாச்சு’. இடப்பக்கம் தள்ளினால் ‘நீக்கு’.

விரல் திரையில் பட்டவுடன் எதுவும் நகராது. அது தட்டுகிறதா, பட்டியலை மேலும் கீழும் உருட்டுகிறதா, பக்கவாட்டில் தள்ளுகிறதா என்று போன் முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்குப் பொதுவாக 8 டிபி (திரையில் அளக்கப் பயன்படும் அலகு) தூரம் விடப்படுகிறது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதைக் கடந்து பக்கவாட்டில் போனால் வரி விரலோடு ஒட்டிக்கொண்டு நகரத் தொடங்கும். விரல் எவ்வளவு போகிறதோ வரியும் அவ்வளவுதான் போக வேண்டும், தாமதமும் கூடாது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி. அதற்குள் வரைந்து முடிக்காவிட்டால் வரி தத்தித்தத்தி வரும். கைக்கு நம்பிக்கை போய்விடும்.

அடியில் பச்சை தெரிகிறது, ரூபாய்க் குறி தெரிகிறது. குறிப்பிட்ட ஓர் எல்லை வரை இது வெறும் முன்னறிவிப்பு. விரலை எடுத்தால் வரி பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஐட்டம்டச்ஹெல்பரில் அந்த எல்லை, மாற்றாவிட்டால், வரி அகலத்தில் பாதி. டிஸ்மிசிபிளில் 40 சதவீதம். எல்லையைத் தாண்டும் கணத்தை விரலும் கண்ணும் தவறாமல் உணர வேண்டும். வெளிர்பச்சை அடர்பச்சையாக மாறலாம், படக்குறி சற்றுப் பெரிதாகலாம், போன் ஒருமுறை சிறிதாக அதிரலாம். அந்த இடத்தில் எந்த மாற்றமும் இல்லாவிட்டால், எவ்வளவு தள்ளுவது என்று தெரியாமல் ஆட்கள் வரியைத் திரையின் ஓரம் வரை இழுத்துக்கொண்டே போவார்கள். எதிர்ப்பக்கம் எந்த வேலையும் இல்லாத வரியென்றால், அது ரப்பரைப் போல இழுவைக்கு எதிர்ப்புக் காட்டி, கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். இங்கே ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு அதுவே போதும்.

தூரம் மட்டுமல்ல, வேகமும் கணக்கில் வரும். பாதி தூரம் போகாவிட்டாலும், விரலைச் சுண்டி வேகமாக எடுத்தால் வேலை முடிந்ததாகவே பல கருவிகள் கொள்கின்றன. மெயிலுக்கு இது வசதி. விவசாயிக்குத் தர வேண்டிய பணத்துக்கு இது கூடாது. பட்டியலை அவசரமாக உருட்டும் கை கொஞ்சம் சாய்ந்து போனாலே ஒருவரின் கணக்கு ‘கொடுத்தாச்சு’ என்று மாறிவிடும். இத்தகைய இடங்களில் வேகத்துக்கான வரம்பை உயர்த்திவிடுவது நல்லது. அதைவிட நல்லது முதல் ஐபோனின் பழைய முறை: தள்ளினால் பட்டன் தெரியட்டும், தட்டினால் மட்டும் நடக்கட்டும். ஐபோனில் முழு ஸ்வைப்பில் வேலை தானாக நடப்பதை நிறுத்திவைக்க இன்றும் வசதி உண்டு.

பூ மார்க்கெட்டில் இன்னொரு சிக்கல் தண்ணீர். பூ வாடாமல் இருக்கத் தெளிப்பதால் கை ஈரமாகவே இருக்கும். இன்றைய தொடுதிரைகள் விரல் படும்போது ஏற்படும் மின்னூட்ட மாற்றத்தை வைத்தே தொடுகையை அறிகின்றன. திரையில் தண்ணீர் படிந்தாலும் அந்த மாற்றம் ஏற்படும். தொட்ட இடம் தாவும், பாதியில் அறுபடும். தெருவில் நின்று பார்க்கும்போது வெயில் வேறு. வைகைக் கரையின் உச்சிவெயிலில் வெளிர்பச்சைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அழுத்தமான நிறமும் பெரிய படக்குறியும் இங்கே அலங்காரமல்ல. நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள். சொல்லும் வேண்டும். தமிழில் அந்தச் சொல் ஆங்கிலத்தைவிட அகலமாகவே வரும் என்பதால், ஆங்கிலத்துக்கு அளந்த இடத்தில் அது வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விரலை எடுத்த பிறகும் பதில் முடிந்துவிடவில்லை. வரி வெளியேறுகிறது, கீழுள்ள வரிகள் மேலேறி இடைவெளியை மூடுகின்றன. திரையின் அடியில் ‘நீக்கப்பட்டது’ என்ற பட்டையும், அதில் ‘செயல்தவிர்’ என்ற பட்டனும் வருகின்றன. ஆண்ட்ராய்டின் ஆயத்தப் பட்டையில் ‘நீண்ட நேரம்’ எனப்படுவதே 3 நொடிக்குக் குறைவு. ஒரு கையால் தராசில் பூவைக் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு இது போதாது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பட்டை மறைந்திருக்கும். கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியே 4 முதல் 10 நொடி என்கிறது. பணம் சம்பந்தப்பட்ட பட்டியலில் 10 நொடியே முறை. நீக்கியவற்றைப் பிறகு பார்க்க ஒரு தனிப் பக்கமும் வேண்டும்.

ஆப் எழுதுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நீண்ட பட்டியலில் திரைக்கு வெளியே போன வரியின் சட்டத்தையே எடுத்து, புதிதாக வரும் வரிக்குப் போன் பயன்படுத்திக்கொள்கிறது. தள்ளிய நிலையையும் நிறத்தையும் அழித்துச் சரிசெய்யாமல் விட்டால், மேலூர்க்காரர் வரியில் இருந்த பச்சை உசிலம்பட்டிக்காரர் வரியில் வந்து நிற்கும். இதைவிட மோசம், எந்த வரி என்பதை ‘மூன்றாவது’ என்று இடக்கணக்கில் குறித்துவைப்பது. விரல் தள்ளிக்கொண்டிருக்கும்போதே மேலே புதிய பதிவு ஒன்று வந்துவிட்டால், நீக்கப்படுவது வேறு ஆளின் கணக்கு. ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத எண் ஒன்று கொடுத்து, அதைக் கொண்டுதான் நீக்க வேண்டும்.

2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், திரையின் இடது அல்லது வலது ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளினால் முந்தைய பக்கத்துக்குப் போகும் வசதியும் சேர்ந்திருக்கிறது. அதனால் ஓரத்தில் தொடங்கும் ஸ்வைப் வரிக்கு வந்து சேராது, ஆப் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். வரியின் நடுவிலிருந்து தள்ளப் பழக்குவதே வழி. முதல்முறை ஆப்பைத் திறக்கும்போது முதல் வரி தானாகச் சற்று நகர்ந்து, அடியிலுள்ள நிறத்தைக் காட்டித் திரும்பினால், எழுத்து விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் இந்தப் பதில் கண் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான். மதுரை சுந்தரராஜன்பட்டியில் 1985 முதல் இயங்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற அமைப்புகள் பார்வையற்ற இளைஞர்களுக்குக் கணினிப் பயிற்சி தருகின்றன. பார்வையற்றவர்கள் செல்போனைப் பயன்படுத்துவது டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பு வசதிகளோடு. டாக்பேக் இயங்கும்போது ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போ என்று பொருள். அந்த அசைவு ஆப்பின் ஸ்வைப்பாகப் போய்ச் சேராது. ‘கொடுத்தாச்சு’, ‘நீக்கு’ ஆகிய வேலைகளை அந்த வரியின் செயல்களாக டாக்பேக்குக்குத் தனியே பதிவுசெய்து கொடுத்தால், அவர்களும் அதே பட்டியலைக் கையாளலாம். சில வரிகளில் முடியும் நிரல்தான் அது. கை நடுக்கம் உள்ள முதியவர்களுக்கும் தள்ளுவது கடினம், தட்டுவது எளிது. வரியைத் தட்டினால் திறக்கும் பக்கத்தில் அதே வேலைகள் பட்டனாகவும் இருக்க வேண்டும். இணைய அணுகல்தன்மைக்கான உலக வழிகாட்டி 2018-இல் இதைச் சேர்த்தது. 2023-இல் வந்த அடுத்த பதிப்பு பிடித்து இழுக்கும் அசைவுகளுக்கும் தட்டும் மாற்றுவழி கேட்கிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், ஐஎஸ் 17802 என்ற தர வரையறையும் அணுகல்தன்மையைக் கோருகின்றன. ஸ்வைப்பை மட்டுமே வழியாக வைத்த ஆப் முடிக்கப்படாத ஆப்.

ஆப் எழுதாத வாசகருக்கும் இதில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு ஜிமெயிலில் மாற்றாமல் விட்டால் இரு பக்க ஸ்வைப்பும் மெயிலைக் காப்பகத்துக்கே அனுப்பும். கை தவறித் தள்ளியதில் காணாமல்போனதாக நினைத்த மெயில் அழிந்திருக்காது. ‘எல்லா அஞ்சல்’ பகுதியில் இருக்கும். அமைப்புகளுக்குள் பொது அமைப்புகளில் ஸ்வைப் செயல்களைத் திறந்து, வேண்டிய வேலையைத் தேர்ந்துகொள்ளலாம். தேவையே இல்லை என்றால் ‘ஏதுமில்லை’ என்று வைத்து நிறுத்தியும் விடலாம்.