ஜெனரேட்டரிலிருந்து சோலாருக்கு: கடைக்காரர்கள் அறிய வேண்டிய தடைகள்

கே.கே. நகர் 80 அடி சாலையில் மின்சாரம் நின்றதும் வணிக வளாகங்களின் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த 2012ஆம் ஆண்டு வாக்கில் பலரும் வாங்கி வைத்தவை அவை. "மாடியில் சோலார் போட்டுவிட்டு டீசலை விட்டுவிடலாமா?" என்று நம் கடைக்காரச் சகோதரர்கள் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். பணத்தைப் போடும் முன் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துள்ளோம்.

முதலில் டீசலின் உண்மையான விலையைப் பார்ப்போம். நடுத்தர ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 யூனிட் தரும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் என்றால், எரிபொருளுக்கு மட்டும் யூனிட்டுக்கு 30 ரூபாய் ஆகிறது. வணிக இணைப்பில் வாரியத்தின் மின்சாரம் சுமார் 10 ரூபாய்தான். பணம் மட்டுமன்றி உடல்நலமும் இதில் உண்டு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் அறிவித்தது. நம் கடையின் புகைக்குழாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருந்தால் அது அண்டை வீட்டாரின் உரிமையையும் தொடுகிறது.

தடை 1: மின்சாரம் நின்றால் சோலாரும் நிற்கும்

பலருக்கும் இது தெரிவதில்லை. வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் சாதாரண சோலார், மின்வெட்டு நேரத்தில் நல்ல வெயில் அடித்தாலும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. எனவே ஜெனரேட்டரின் இடத்தை நிரப்ப வேண்டுமானால் பேட்டரியும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் தேவை. செலவு அங்கேதான் ஏறுகிறது. லிஃப்ட், தீயணைப்பு பம்பு போன்றவை கிளம்பும்போது அதிக மின்சாரம் இழுக்கும். அவற்றைச் சிறிய ஜெனரேட்டருக்கு விட்டுவிட்டு, விளக்கு, மின்விசிறி, பில் போடும் கணினி ஆகியவற்றைப் பேட்டரிக்கு மாற்றுவதே நடைமுறைக்கு ஏற்றது.

தடை 2: மின் கணக்கு

வீடுகளுக்கு, கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழிக்கும் நெட் மீட்டரிங் உண்டு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 ஆணைப்படி, கடைகள் வாரியத்துக்கு அனுப்பும் மிச்ச மின்சாரத்துக்குத் தனி விலை. அது நாம் வாங்கும் விலையில் பாதிகூட இராது. வலையமைப்புக் கட்டணமும் அதே ஆணையில் வந்தது. இப்போதைய விகிதத்தைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஆகவே பகலில் நாமே பயன்படுத்தும் அளவுக்கு மட்டும் பேனல் போடுவது நல்லது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை கிடைக்கும் மானியம் வீடுகளுக்குத்தான், கடைகளுக்கு இல்லை.

தடை 3: மொட்டை மாடி யாருடையது?

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டி, ஏ.சி. பெட்டிகள், செல்போன் கோபுரம் போக மீதி எவ்வளவு என்று அளந்து பாருங்கள். பேனல் 25 ஆண்டு உழைக்கும். வாடகை ஒப்பந்தமோ சில ஆண்டுகளுக்குத்தான். செலவைச் செய்பவர் உரிமையாளர், மின்கட்டணம் குறைவது வாடகைதாரருக்கு. அதனால் இருவருமே தயங்குகிறார்கள். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளிலும் இதே சிக்கல்தான். உரிமையாளர் பேனல் அமைத்து, மிச்சப்படும் தொகையில் ஒரு பங்கை வாடகையோடு பெறுவதாக எழுத்தில் உடன்பட்டால் வழி பிறக்கும். எந்தக் கடையின் மீட்டரில் சோலாரை இணைப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும்.

தடை 4: முதலீடும் வட்டியும்

10 கிலோவாட் அமைப்புக்குப் பேட்டரி இல்லாமல் ஐந்தாறு லட்சம் ஆகும். அது நாளுக்குச் சுமார் 40 யூனிட் தரும். முழுவதையும் நாமே பயன்படுத்தினால் மாதம் 12,000 ரூபாய் மிச்சம். விடுமுறையையும் பராமரிப்பையும் கழித்தால் ஏறக்குறைய ஐந்து ஆண்டில் முதல் திரும்பும். ஆனால் வங்கிக் கடன் என்றதும் வட்டிக்கு அஞ்சிப் பலர் பின்வாங்குகிறார்கள். அச்சம் நியாயமானதே. விற்பவர் தம் லாபத்தை முன்கூட்டியே சொல்லித் தவணையில் விற்கும் முராபஹா முறையும், கடைக்காரர்கள் பங்கு சேர்ந்து வாங்கும் முறையும் உள்ளன. ஒப்பந்தத்தை ஆலிம்களிடம் காட்டிய பின் கையெழுத்திடுங்கள். வருமான வரி செலுத்துவோர் ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானச் சலுகை பற்றி ஆடிட்டரிடம் கேட்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது

கடந்த ஓராண்டு மின் கட்டண ரசீதுகளையும் டீசல் பில்களையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். ஜெனரேட்டர் மாதம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்குங்கள். "மின்வெட்டு நேரத்தில் எது எது ஓடும், எத்தனை மணி நேரம் ஓடும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஒரே நாளில் ஜெனரேட்டரை அகற்ற முடியாமல் போகலாம். அது ஓடும் நேரம் பாதியாகக் குறைந்தாலும் கடைக்காரரின் பணம் மிஞ்சும், அண்டை வீட்டாரின் மூச்சும் இலேசாகும், இன்ஷா அல்லாஹ்.