சொந்தக் காசில் 24 மணி நேரம்: தமிழ்நாட்டிலிருந்து எழுந்த தனியார் கார்ப் பந்தய அணிகள்

நெடுநேரக் கார்ப் பந்தயம் என்பது, குறித்த தொலைவை யார் முதலில் கடக்கிறார் என்று பார்க்காமல், குறித்த நேரத்துக்குள் எந்தக் கார் அதிகச் சுற்றுகளை முடிக்கிறது என்பதைக் கொண்டு வெற்றியைத் தீர்மானிக்கும் பந்தய வகையாகும். நான்கு மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி எனப் பல அளவுகளில் இது நடத்தப்பட்டாலும், பிரான்சின் லெ மான்ஸ் நகரில் 1923 முதல் நடந்துவரும் 24 மணி நேரப் பந்தயமே இவ்வகைக்குத் தாய்ப் பந்தயமாகக் கருதப்படுகிறது. ஒரே காரை மூன்று நான்கு ஓட்டுநர்கள் முறை வைத்து ஓட்டுவார்கள். எரிபொருள் நிரப்பவும், டயர் மாற்றவும், பழுது பார்க்கவும், ஓட்டுநர் மாறவும் கார் அவ்வப்போது ஓடுபாதையின் ஓரத்திலுள்ள ‘பிட்’ எனப்படும் பணியிடத்துக்கு வந்து திரும்பும். இரவு முழுவதும் இவ்வாறு ஓடவேண்டியிருப்பதால், ஒரு சுற்றில் காட்டும் வேகத்தைவிட, கார் பழுதில்லாமல் ஓடுவதும், பழுதானால் எத்தனை நிமிடத்தில் சரிசெய்யப்படுகிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

2025 ஜனவரி 11, 12 தேதிகளில் நடந்த துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில், நடிகர் அஜித் குமார் தொடங்கிய ‘அஜித் குமார் ரேசிங்’ அணி தன் வகுப்பில் மூன்றாமிடம் பெற்றபோது, அதுவரை இத்துறையைக் கவனித்திராத பல்லாயிரம் தமிழர்களின் பார்வை இதன்மேல் திரும்பியது. ஒரு நடிகரின் வெற்றியாக மட்டுமே அந்தச் செய்தி பெரும்பாலும் படிக்கப்பட்டது. ஆயினும் அதற்குப் பின்னால், தொழிற்சாலைகளின் ஆதரவின்றிச் சொந்தப் பொறுப்பில் களமிறங்கும் தனியார் அணிகளின் நீண்ட மரபு ஒன்று இருக்கிறது. அம்மரபில் தமிழ்நாட்டுக்கும் பழைய பங்கு உண்டு.

நெடுநேரப் பந்தயத்தில் அணிகள் இரு வகைப்படும். கார் தயாரிக்கும் நிறுவனமே தன் பணம், தன் பொறியாளர்கள், தன் புதிய வடிவமைப்பு ஆகியவற்றோடு நிறுத்துவது தொழிற்சாலை அணி. அதே நிறுவனத்திடமிருந்தோ வேறொருவரிடமிருந்தோ காரை விலைக்கோ வாடகைக்கோ பெற்று, ஓட்டுநர், மெக்கானிக், டயர், பயணம் என எல்லாச் செலவையும் தானே ஏற்று ஓடுவது தனியார் அணி. பட்டு நெசவு நடக்கும் சேத்துப்பட்டு, ஆரணி வட்டாரத்தில் இந்த வேறுபாட்டை விளக்க அதிகச் சொற்கள் தேவைப்படா. பாவும் ஜரிகையும் முதலாளியிடம் பெற்றுக் கூலிக்குப் பட்டு நெய்பவருக்கும், பட்டு நூலைத் தானே வாங்கிச் சொந்தத் தறியில் ஏற்றி, சேலை விற்றால்தான் காசு என்று நெய்பவருக்கும் உள்ள வேறுபாடு அது. பின்னவருக்குச் சேலையின்மேல் முழு உரிமை உண்டு. நூல் விலை ஏறினாலும் சேலை தேங்கினாலும் வரும் இழப்பும் முழுவதும் அவருடையதே.

தனியார் அணி தொழிற்சாலை அணியை வெல்ல முடியுமா என்ற கேள்விக்கு லெ மான்ஸ் வரலாறு தெளிவான விடை தருகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு சிறிய பட்டறையிலிருந்து இயங்கிய எக்யூரி எகோஸ் அணி 1956இலும் 1957இலும் ஜாகுவார் டி-டைப் கார்களைக் கொண்டு அப்பந்தயத்தை வென்றது. 1957இல் ஜாகுவார் நிறுவனம் தொழிற்சாலை அணியைக் கலைத்துவிட்டிருந்த நிலையில், இந்தத் தனியார் அணியின் கார்கள் முதலிரண்டு இடங்களையும் பிடித்தன.

இதைவிட ஆழ்ந்து நோக்கத்தக்கது ஜெர்மானியர் ரைன்ஹோல்ட் யோஸ்ட் நடத்திய அணியின் கதை. 117 என்ற அடிச்சட்ட எண்ணுள்ள ஒரே போர்ஷே 956 கார், 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் யோஸ்டுக்கு லெ மான்ஸ் வெற்றியைத் தந்தது. முதல் ஆண்டில் போர்ஷே நிறுவனம் தன் அணியை அனுப்பவில்லை என்பதால் அந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் இருந்திருக்கலாம். மறு ஆண்டு, புதிய 962 கார்களோடு வந்த போர்ஷே தொழிற்சாலை அணியையே யோஸ்டின் பழைய கார் வென்றது. அக்காலத்து விதிப்படி ஒவ்வொரு காருக்கும் மொத்த எரிபொருள் அளவு வரையறுக்கப்பட்டிருந்தது. அந்த அளவுக்குள் அதிக வேகத்தைப் பிழிந்தெடுக்கும் கணக்கில் யோஸ்டின் பட்டறை தயாரிப்பாளரையே விஞ்சிவிட்டது. 1985இல் அந்தக் காரை ஓட்டிய மூவரில் ஒருவர், தாம் பந்தயம் ஓட்டுவது தாயாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ‘ஜான் வின்டர்’ என்ற புனைபெயரில் ஓட்டிவந்த ஒரு மரவணிகர். பத்தாண்டுகளுக்குப் பிறகு, போர்ஷே கைவிட்டு ஓரங்கட்டி வைத்திருந்த ஒரு திறந்த காரைக் கேட்டுப் பெற்று, 1996இலும் 1997இலும் மீண்டும் ஒரே காரால் இருமுறை வென்று காட்டினார் யோஸ்ட். இரண்டு முறையும் கார் போர்ஷேயிடமிருந்து வந்ததுதான். கூடுதலாக யோஸ்டிடம் இருந்தது பட்டறை அறிவு.

இந்த அறிவு தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அந்நாளில் அங்கே ஓடிய கார்களில் பல, அம்பாசடர், பியட் போன்ற சாலைக் கார்களின் உறுப்புகளைப் பிரித்து உள்ளூர்ப் பட்டறைகளில் கையால் மாற்றியமைக்கப்பட்டவை. வெளிநாட்டுக் கார் வரவழைக்க வசதியுள்ள செல்வர்களும் அங்கே ஓட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் சோழவரத்தின் பெருமை அவர்களால் வந்ததைவிட, கிடைத்த இரும்பைக்கொண்டு ஓட்டத் துணிந்தவர்களால் வந்ததே அதிகம். கோவையின் எஸ். கரிவரதன் இந்த மரபின் உச்சம் எனலாம். ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்த அவர், தாமே ஓட்டியதோடு நில்லாமல், மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைப் பொருத்திய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையில் கட்டி, ‘ஃபார்முலா மாருதி’ என்ற வகையை எண்பதுகளின் இறுதியில் உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகியது அவ்வகைக் காரில்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்திலுள்ள ஓடுபாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோழவரத்துக்கு மாற்றாக 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுபாதை திறக்கப்பட்டது.

ஆயினும், இந்நாட்டில் பந்தயங்கள் பெரும்பாலும் சில சுற்றுகளில் முடியும் குறுகிய ஓட்டங்களாகவே இருந்தமையால், நெடுநேரப் பந்தயத்துக்குத் தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் வெளிநாட்டுத் தனியார் அணிகளின் வழியாகத்தான் செல்ல நேர்ந்தது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், 2009இல் கோலஸ் என்ற தனியார் அணியில் லெ மான்ஸ் சென்றார். அந்த அணியிடம் இருந்தது, 2006 முதல் 2008 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற ஆடி நிறுவனத்தின் ஆர்10 டீசல் கார். தொழிற்சாலை புதிய காருக்கு மாறியபின் பழைய காரைத் தனியார் வாங்கி ஓட்டுவது இத்துறையின் வழக்கம். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் பிட் சுவரைத் தாண்டும்போது நரேனின் தோள்மூட்டு விலகியதால் அவர் ஓட்ட முடியாமற்போனது. மூவர் ஓட்டவேண்டிய காரை மற்ற இருவரே 24 மணி நேரமும் ஓட்டி ஏழாமிடத்தில் சேர்த்தார்கள். அவர் இழந்த வாய்ப்பு 2012இல் சென்னையின் கருண் சந்தோக்குக்கு அமைந்தது. ஜேஆர்எம் என்ற பிரிட்டிஷ் தனியார் அணிக்காக டேவிட் பிரபாம், பீட்டர் டம்பிரெக் ஆகியோருடன் ஓட்டிய அவர், லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்; அந்தக் கார் மொத்தத்தில் ஆறாமிடம் பெற்றது.

இந்தியப் பெயரிலேயே ஓர் அணி என்ற எண்ணம் 2021இல் உருவம் பெற்றது. பெருந்தொற்றால் வளைகுடாவுக்கு மாற்றப்பட்டு, துபாயிலும் அபுதாபியிலும் பிப்ரவரியில் நான்கு ஓட்டங்களாக நடந்த ஆசிய லெ மான்ஸ் தொடரில், நரேன் கார்த்திகேயன், அர்ஜுன் மைனி, நவீன் ராவ் ஆகிய மூவரும் ‘ரேசிங் டீம் இந்தியா’ என்ற பெயரில் எல்எம்பி2 வகுப்பில் ஓட்டினார்கள். எல்எம்பி2 என்பது தனியார் அணிகளுக்காகவே விலைக்கு உச்சவரம்பு வைத்து வகுக்கப்பட்ட வகுப்பு. காரின் உடற்கட்டை அனுமதி பெற்ற சில நிறுவனங்களிடம்தான் வாங்கலாம், எஞ்சின் எல்லோருக்கும் ஒன்றே. ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என நான்கு தரமாகப் பிரித்து, ஒவ்வொரு காரிலும் வெண்கலத் தரத்தவர் ஒருவர், அதாவது ஓட்டுவதைப் பிழைப்பாகக் கொள்ளாத ஒருவர், இருக்கவேண்டும் என்று இத்தொடரின் இன்றைய விதி சொல்கிறது. தனியார் அணிகளின் செலவைப் பெரும்பாலும் ஏற்பவர்கள் இத்தகைய ஆர்வலர்களே என்பதால், அவர்களுக்கு இடமளிக்கும் இந்த விதியே இப்பந்தயங்களை வாழவைக்கிறது. ஆனால் ரேசிங் டீம் இந்தியாவின் காரையும் பணியாட்களையும் வழங்கியது யுரேஷியா மோட்டார்ஸ்போர்ட் என்ற வெளிநாட்டு அணி. இருக்கையில் அமர்ந்தவர்கள் மூவரும் இந்தியர்கள்; பட்டறை இந்தியாவினுடையதன்று.

அஜித் குமாரின் அணியும் இதே ஏற்பாட்டில்தான் 2024இன் பிற்பகுதியில் அறிவிக்கப்பட்டது. இளமையில் இருசக்கர வாகன மெக்கானிக்காகப் பயிற்சி பெற்றவரும், 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவிலும் 2010இல் ஃபார்முலா டூ தொடரிலும் ஓட்டியவருமான அவர், ஐம்பது வயதைக் கடந்தபின் அணி உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் திரும்பினார். தேர்ந்தெடுத்த கார், போர்ஷே 911 ஜிடி3 கப்: நான்கு லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் 510 குதிரைத்திறனும் கொண்ட இது, விற்பனைக்கென்றே கட்டப்படும் பந்தயக் கார். 2021ஆம் ஆண்டுக்கான இந்த வடிவம் அறிமுகமானபோது வரி நீங்கலாக இதன் விலை 2,25,000 யூரோ, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய். காரைப் பராமரித்து ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பை நெதர்லாந்தின் பாஸ் கூட்டன் ரேசிங் ஏற்றது.

துபாய்ப் பந்தயத்தை நடத்தும் கிரவென்டிக் என்ற டச்சு நிறுவனத்தின் விதிகள் தனியார் அணிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. எரிபொருளை ஒவ்வோர் அணியும் தன் பிட்டில் நிரப்புவதில்லை. பொது நிரப்பு நிலையத்தில் வரிசையில் நின்று நிரப்பவேண்டும். விபத்து நேர்ந்தால் ‘கோட் 60’ என்ற அறிவிப்பு வரும். உடனே எல்லாக் கார்களும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளவேண்டும். அந்த நேரம் பார்த்து எரிபொருள் நிரப்பச் செல்வதா, வரிசை நீளும் என்று ஓட்டத்தைத் தொடர்வதா என்பதை அணிப் பொறியாளர் நொடிகளில் முடிவுசெய்கிறார். ஓட்டுநர் நள்ளிரவில் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த நேரத்தை அந்த ஒரு முடிவு காக்கவும் கெடுக்கவும் கூடும். பந்தயத்துக்கு முன் பயிற்சி ஓட்டத்தில் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமின்றித் தப்பினார். அணியின் நலன் கருதித் தம் அணியின் காரை ஓட்டுவதைத் தவிர்த்து, ரசூன் என்ற மற்றோர் அணியின் சிறிய போர்ஷே கேமனில் அவர் பங்கேற்றார். முதலீடு செய்தவர் தாமே ஒதுங்கி அணியை முன்னிறுத்திய அந்த முடிவு, மூன்றாமிடத்தைவிடப் பாராட்டுக்குரியது. தொடர்ந்து 2025 மார்ச்சில் இத்தாலியின் முஜெல்லோவில் வகுப்பில் மூன்றாமிடமும், ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஸ்பாவில் இரண்டாமிடமும் அணிக்குக் கிடைத்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் நரேன் கார்த்திகேயனும் இந்த அணியோடு ஆசிய லெ மான்ஸ் தொடருக்கு இணைவதாக அறிவிக்கப்பட்டது.

இவ்வெற்றிகள் உண்மையானவை, எவரும் அவற்றைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. எனினும் எக்யூரி எகோஸையும் யோஸ்டையும் அளவுகோலாகக் கொண்டால், தமிழ்நாட்டிலிருந்து எழுந்த அணிகளில் இன்னும் பிறக்காத உறுப்பு எது என்பது விளங்கும். ஓட்டுநர் உண்டு, உரிமையாளர் உண்டு, கொண்டாடும் மக்கள் உண்டு. 24 மணி நேரம் ஒரு காரைக் காத்து நடத்தும் சொந்தப் பட்டறை இல்லை. இதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதைக்கு அருகிலேயே 1998 முதல் ஹூண்டாய் தொழிற்சாலை கார் உற்பத்தி செய்துவருகிறது. அதே நிறுவனம் தனியார் அணிகளுக்கு விற்கும் ஐ20 ராலிக் கார்கள் ஜெர்மனியின் ஆல்சனாவில் கட்டப்படுகின்றன. ஓடுபாதையும் தொழிற்சாலையும் அடுத்தடுத்து இருந்தும் ஒன்று மற்றொன்றுக்கு உதவாமலே கால் நூற்றாண்டு கடந்துவிட்டது.

நெடுநேர ஓட்டம் உள்ளூரில் நடந்தால்தான் அதைக் காக்கும் மெக்கானிக்குகள் உள்ளூரில் உருவாவார்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிப்பாளையத்திலும், சாலைக் கார்களைக்கொண்டே ஆறு மணி நேரப் பந்தயம் ஒன்றை ஆண்டுதோறும் நடத்தி, அதில் ஒவ்வோர் அணியும் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் இருவரையாவது பிட் பணியில் சேர்க்கவேண்டும் என்று விதி வகுக்கப் பந்தயச் சங்கங்கள் முன்வரவேண்டும். சேத்துப்பட்டிலும் ஆரணியிலும் செய்யாற்றிலும் லாரிப் பட்டறைகளில் இரவு முழுக்கக் கண்விழித்து, விடிவதற்குள் வண்டியை ஓட்டத்துக்கு அனுப்பிவைக்கும் இளைஞர்களுக்கு அந்தப் பணி புதிதாக இராது.