வீகன் மையால் பச்சை குத்திக்கொள்வது: சில விளக்கங்கள்

எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வரும் இளைஞர்களும் அவர்களுடன் வரும் பெற்றோரும் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கின்றனர். “டாக்டர், இது வீகன் மை. முழுக்க முழுக்கத் தாவரப் பொருள். இதனால் ஒவ்வாமையோ தொற்றோ வராது அல்லவா?” இக்கேள்வியில் இரண்டு வேறு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இந்த மைக்காக ஓர் உயிரினம் துன்புற்றதா என்பது ஒன்று. இந்த மை என் உடலுக்குத் தீங்கு செய்யுமா என்பது மற்றொன்று. வீகன் என்ற முத்திரை முதற்கேள்விக்கு மட்டுமே விடை கூறுகிறது. இரண்டாவது கேள்விக்கு அது விடையன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் பச்சை குத்திக்கொண்டு, சில வாரங்களில் சீழும் வீக்கமுமாக வருவோரைக் காண்பதனாலேயே இதனை எழுதுகிறோம்.

நனிசைவம் என்று தமிழில் குறிக்கப்படும் வீகன் வாழ்க்கைமுறையை எவரேனும் மேற்கொண்டால், அதை நாங்கள் மதிக்கிறோம். பால், தேன், தோல், பட்டு ஆகியவற்றைக்கூடத் தவிர்ப்பவர், தம் தோலுக்குள் ஆயுள் முழுவதும் தங்கப்போகும் மையில் என்ன இருக்கிறது என்று கேட்பது முற்றிலும் நியாயமானது. சொல்லப்போனால், பச்சை குத்திக்கொள்ளும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

மையில் இருப்பவை

பச்சை குத்தும் மை என்பது நீரில் கரைந்த சாயம் அன்று. மிக நுண்ணிய நிறமித் துகள்கள், அவற்றைத் தாங்கிச் செல்லும் நீர், கிளிசரின், ஆல்கஹால் போன்ற திரவங்கள், துகள்கள் படிந்துவிடாமல் பிடித்து நிறுத்தும் பசை, கெடாமல் காக்கும் பொருள் ஆகியவற்றின் கலவை அது. விலங்குப் பொருள் இதில் நான்கு வழிகளில் நுழையக்கூடும். எலும்பைச் சுட்டுப் பெறும் எலும்புக்கரி கறுப்பு நிறமியாகப் பயன்படுவது உண்டு. கிளிசரின் விலங்குக் கொழுப்பிலிருந்து வந்திருக்கலாம். பசையாக அரக்குப் பூச்சியிலிருந்து பெறும் ஷெல்லாக் சேர்க்கப்படலாம், ஜெலட்டினும் சேர்க்கப்படலாம். வீகன் மைகளில் இவற்றுக்கு மாற்றாகத் தாவரக் கிளிசரினும் செயற்கைப் பசைகளும், எண்ணெய் அல்லது எரிவாயுவை எரித்துப் பெறும் கரித்தூளும் இடம்பெறுகின்றன.

இங்கு இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். தாவரக் கிளிசரினும் விலங்குக் கிளிசரினும் வேதியியல்படி ஒரே மூலக்கூறு. தூய்மைப்படுத்திய பின் நம் உடலால் அவற்றை வேறுபடுத்தி அறிய இயலாது. எனவே அறத்தின் அடிப்படையில் அந்த மாற்றம் பொருளுடையது. ஒவ்வாமையின் அடிப்படையில் அதனால் மாற்றம் ஏதுமில்லை. அடுத்து, வீகன் மை தாவர மை அன்று. அதன் வெண்மை டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் கனிமத்திலிருந்தும், பழுப்பு இரும்பு ஆக்சைடிலிருந்தும், சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் பெட்ரோலிய வழிப் பொருள்களிலிருந்து உருவாக்கப்படும் அசோ நிறமிகளிலிருந்தும் வருகின்றன. விலங்கும் இல்லை, தாவரமும் இல்லை என்பதே சரி.

தோல் மருத்துவர்களுக்கு மிகுந்த தொல்லை தருவது சிவப்பு நிறமே. பச்சை குத்திய இடத்தில் சிவப்புக் கோடுகள் மட்டும் தடித்து, அரித்து, செதிலாக உதிர்ந்து நிற்கும். பக்கத்திலேயே கறுப்புக் கோடுகள் அமைதியாக இருக்கும். இது சில வாரங்களிலும் தோன்றலாம், சில ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். முன்கூட்டிச் சிறு புள்ளி குத்திச் சோதித்துப் பார்ப்பதால் முழு உறுதி கிடைக்காது. நிறமி உள்தோலில் இருப்பதால் களிம்பு தடவினால் எளிதில் தீராது. ஸ்டீராய்டு ஊசி, சிலருக்கு அறுவைச் சிகிச்சை வரை செல்ல நேரிடும். ஒவ்வாமை ஏற்பட்ட நிறத்தை லேசரால் உடைத்தால் அது உடலெங்கும் பரவிய எதிர்வினையைத் தூண்டக்கூடும் என்பதால், அழகு நிலையங்களில் லேசர் செய்துகொள்ள விரைய வேண்டாம். வீகன் சிவப்பும் இதே அசோ நிறமியைக் கொண்டிருக்கக்கூடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை குத்தும் மைகளில் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குத் தடையோ உச்ச வரம்போ விதித்துள்ளது. மூலப்பொருள் பட்டியலும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் புட்டியின் மேல் இருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் அடங்கும். அவ்விதிகளுக்கு உட்பட்டது என்று குறிக்கப்பட்ட மையைக் கேட்டு வாங்குவது, வீகன் முத்திரையை மட்டும் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. நம் நாட்டில் உணவுப் பொட்டலங்களில் காணும் பச்சை நிற வீகன் சின்னம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தினுடையது. அது உணவுக்கு மட்டுமே உரியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தாவரமும் தூய்மையும்

தாவரப் பொருளால் பச்சை குத்துவது நமக்குப் புதிதன்று. மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்துப் பச்சை குத்திய முறையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் விவரிக்கிறது. தாய்ப்பால் கலந்த மை வீகனா என்ற வாதத்திற்குள் நாங்கள் செல்லவில்லை. எங்கள் கவலை ஊசியைப் பற்றியது. மை எவ்வளவு இயற்கையானதாயினும், ஒருவருக்குக் குத்திய ஊசியை அடுத்தவருக்கும் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவ வழி ஏற்படுகிறது. திருவிழாக் கடைகளிலும் சாலையோரங்களிலும் இன்றும் இவ்வாபத்து இருக்கிறது.

ஊசி புதிதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. மையே மாசுபட்டிருக்கலாம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் 2011-இன் இறுதியில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்கு நாள்பட்ட தடிப்பு ஏற்பட்டது. காசநோய்க் கிருமியின் உறவினமான மைக்கோபாக்டீரியம் கெலோனே என்னும் நீர்வாழ் கிருமியே அதற்குக் காரணம். முன்கூட்டியே கலந்து புட்டியில் அடைத்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையில் அக்கிருமி கண்டறியப்பட்டது. மையை நீர்க்கச் செய்யப் பயன்பட்ட காய்ச்சி வடித்த நீர் வழியாக அது வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. காய்ச்சி வடித்த நீர் வேறு. கிருமி நீக்கிய நீர் வேறு. கேன் தண்ணீரும் வடிகட்டிய குடிநீரும் குடிப்பதற்கு ஏற்றவை. தோலுக்குள் செலுத்துவதற்கு ஏற்றவை அல்ல.

ஆகவே நிலையத்தில் அமர்ந்ததும், மை கிருமி நீக்கப்பட்டதா, அதன் காலாவதி நாள் என்ன, புட்டியை எப்போது திறந்தார்கள், எந்த நீரால் நீர்க்கச் செய்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். உங்களுக்கென ஒரு சிறு கிண்ணத்தில் மையை ஊற்றி, மிஞ்சியதை எறிந்துவிட வேண்டும். மீண்டும் புட்டியில் ஊற்றலாகாது. இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் கையை நீட்டாதீர்கள். நனிசைவர்கள் கூடுதலாக ஒன்றைக் கேட்கலாம்: முடி மழிக்கும் பிளேடின் வழவழப்புப் பட்டையிலும், படத்தைத் தோலில் பதிக்கும் தாளிலும், துடைக்கும் சோப்பிலும் ஆட்டுரோமக் கொழுப்பான லனோலினோ விலங்குக் கிளிசரினோ இருக்கக்கூடும்.

கறுப்பு மெகந்தியைப் பற்றியும் ஒரு சொல். மருதாணி இலை தருவது செம்பழுப்பு நிறம் மட்டுமே. ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலெனப் பிடிக்கும் மெகந்தியில் பெரும்பாலும் தலைமுடிச் சாயப் பொருளான பி.பி.டி. கலந்திருக்கிறது. ‘ஊசி இல்லை, இலைதான்’ என்று குழந்தைகளின் கையில் அதை இட்டுக் கொப்புளங்களோடு அழைத்து வருகிறார்கள். அக்குழந்தை வளர்ந்தபின் தலைக்குச் சாயம் பூசினாலும் கடும் ஒவ்வாமை வரக்கூடும்.

குத்திய பின் பராமரிப்பு

புதிதாகப் பச்சை குத்திய இடம் ஒரு புண் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மேல்தோல் மூட இரண்டு அல்லது மூன்று வாரங்கள் ஆகும். உள்ளே ஆறச் சில மாதங்கள் ஆகலாம். இக்காலத்தில் தடவுவதற்கெனச் சந்தையில் வீகன் தைலங்கள் பல விற்கப்படுகின்றன. லனோலின், தேன்மெழுகு, மீன் எண்ணெய் ஆகியவை அவற்றில் இல்லை என்பது உண்மை. லனோலின் சிலருக்கு ஒவ்வாமை தரும் பொருள் என்பதால் அது இல்லாதது நல்லதே. ஆனால் அவ்விடத்தில் தேயிலை மர எண்ணெய், லாவண்டர் எண்ணெய், சாமந்தி வகைப் பூச்சாறுகள், நறுமணப் பொருள்கள் எனப் பத்துப் பதினைந்து தாவரச் சேர்மானங்கள் இருக்கின்றன. இவற்றுள் பல, தொடுகை ஒவ்வாமைக்குப் பெயர்போனவை. காப்புத் தோல் கிழிந்த இடத்தில் அவற்றை நாள்தோறும் தடவுவது ஒவ்வாமையை வருந்தி அழைப்பதாகும்.

எங்கள் பரிந்துரை எளியது, செலவும் குறைவு. கையைச் சோப்பால் கழுவிய பின், மணமற்ற மென்சோப்பும் ஓடும் நீரும் கொண்டு அவ்விடத்தை நாளுக்கு இருமுறை மெதுவாகக் கழுவுங்கள். தூய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு, சேர்மானம் ஏதுமற்ற வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லியதாகத் தடவுங்கள். அது பெட்ரோலியத்திலிருந்து பெறப்படுவது; அதில் விலங்குப் பொருள் இல்லை. விலை உயர்ந்த வீகன் தைலத்தைத் தேடி அலைபவர்களுக்கு, மருந்துக்கடையில் பல்லாண்டுகளாக இருக்கும் இந்த டப்பா நினைவுக்கு வருவதில்லை. நம் வெயிலிலும் புழுக்கத்திலும் கனமாகப் பூசினால் வேர்வை அடைபட்டுக் குருக்கள் தோன்றும். சில நாள்கள் கழித்து மணமற்ற ஈரப்பதக் களிம்புக்கு மாறலாம்.

மஞ்சள் விழுது, தோட்டத்துக் கற்றாழை, வேப்பெண்ணெய், சமையலறைத் தேங்காயெண்ணெய் ஆகியவற்றைத் தடவலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். தோல் ஆறும்வரை வேண்டாம். எண்ணெயின் குற்றம் ஒன்றுமில்லை. பலர் விரல் விட்டு எடுத்த கிண்ணமும் மண் ஒட்டிய மடலும் திறந்த புண்ணுக்கு ஏற்றவை அல்ல. மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் ‘மூன்று மருந்து சேர்ந்த’ களிம்புகளை மிகக் கண்டிப்பாகத் தவிருங்கள். அவற்றிலுள்ள ஸ்டீராய்டு, தொற்றை மறைத்து வளர விடும்.

குளம், ஆறு, கடல், நீச்சல் குளம் ஆகியவற்றில் நான்கு வாரம் இறங்க வேண்டாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதை அசட்டை செய்யவே கூடாது. பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாக் கடலில் நீந்திய, நாள்பட்ட கல்லீரல் நோயுடைய 31 வயது ஆண் ஒருவர் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் கடற்கிருமியால் உயிரிழந்ததை 2017-இல் மருத்துவ இதழொன்று பதிவு செய்தது.

எங்களைக் கேட்டபின் முடிவு செய்ய வேண்டியவர்கள்

கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாகக் காலில் குத்திக்கொள்ள விரும்புபவர்கள்; இதய வால்வு மாற்றியவர்கள்; உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள்; புற்றுநோய் மருந்தோ எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்தோ எடுப்பவர்கள்; கருவுற்றவர்கள் ஆகியோர் தம் மருத்துவரிடம் பேசாமல் பச்சை குத்திக்கொள்ளலாகாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் பச்சைக்காக அதைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. சொரியாசிஸ், வெண்புள்ளி உடையவர்களுக்கு ஊசி பட்ட கோட்டிலேயே நோய் புதிதாக எழலாம். காதுகுத்திய இடத்திலோ அம்மைத் தடுப்பூசித் தழும்பிலோ தோல் மேடாக வளர்ந்த வரலாறு உண்டெனில், மார்பிலும் தோளிலும் குத்திக்கொள்வதைக் கைவிடுவதே நன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முன்னரே முடித்திருப்பது நல்லது. குத்திக்கொண்ட பின் ஓராண்டு இரத்ததானம் செய்ய இயலாது என்பதையும், வீட்டில் அடிக்கடி இரத்தம் தேவைப்படும் நோயாளி இருப்பவர்கள் எண்ணிப் பார்க்கவும்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக உடலில் இடப்படும் சிறு புள்ளிகளும் பச்சையே. நனிசைவ நோயாளிகள் அம்மையைப் பற்றிச் சிகிச்சைக் குழுவினரிடம் தாராளமாகக் கேட்கலாம். சிகிச்சையை மட்டும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

எப்போது வர வேண்டும்?

முதலிரு நாள் சிவப்பும் எரிச்சலும் இயல்பு. மூன்றாம் நாளுக்குப் பின் வலி கூடுதல், சிவப்புப் பரவுதல், சீழ், காய்ச்சல், நெறி கட்டுதல் ஆகியவை இருந்தால் அன்றே வாருங்கள். காய்ச்சலுடன் குளிர் நடுக்கமோ மயக்கமோ இருந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். புறநோயாளிச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் சிறு முடிச்சுகள் எழுந்து, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காவிடில், அங்கிருந்து சிறு தோல் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். பிறருக்குக் குத்திய ஊசி பயன்படுத்தப்பட்டதாக ஐயம் எழுந்தால் நாள் கடத்தாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இயன்றவரை 24 மணி நேரத்திற்குள் போட வேண்டும். பிள்ளைகள் அச்சத்தால் மறைத்துவிடுகிறார்கள். பெற்றோர் கடிந்துகொள்வதைச் சற்றே ஒத்திவைத்து அவர்களை அழைத்து வாருங்கள்.

வரும்போது மைப் புட்டியின் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டு வாருங்கள். பெயர், நிறம், தொகுதி எண், மூலப்பொருள் பட்டியல் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். தடவிய தைலத்தையும் உடன் எடுத்து வாருங்கள். பச்சை குத்தும் நாளிலேயே அப்படத்தை எடுத்து வைத்துவிடுவது எளிது.