லேடாங் மலை சொல்லும் பாடம்

தங்காக், சாகில் வட்டாரத்துத் தோட்ட மக்கள் லேடாங் மலையைப் பார்க்காத நாளே கிடையாது. பால் மரம் நின்ற காலத்தில், உச்சியில் மேகம் கவிந்தால் போதும், "மலை மூடிக்கிச்சு, இன்னைக்கு மரம் நனைஞ்சிடும்" என்று பெரட்டிலேயே பேச்சு எழும். மரம் நனைந்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை! அந்த மலையை அவ்வளவோடு நாம் விட்டுவிட்டோம். ஏறிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

1,276 மீட்டர் உயரம். ஜொகூர் மாநிலத்திலேயே உயர்ந்த மலை. அடிவாரத்தில் அருவி. மேலே போகப் போக ஏணியும் கயிறும் பிடித்து ஏற வேண்டிய பாறைகள். நாம் ஏறிய அன்று பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. உடன் வந்தவர் பல வருடம் பால் வெட்டிய பெரியவர். நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

"உச்சியைப் பார்க்காதீங்க தம்பி. ஐநூறு மரத்தையும் ஒண்ணா நினைச்சா கை ஓடுமா? முன்னால நிக்கிற மரத்தை வெட்டு, நிரை தானா முடியும்."

கடன், பிள்ளை படிப்பு, வீட்டுக் கவலை என்று எல்லாவற்றையும் ஒரே இரவில் நினைத்துத் தூக்கம் கெடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து உண்டா?

1854-ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் இதே மலையில் ஏறினார். வழியில் தாகம்; எதிர்பார்த்த இடத்தில் தண்ணீர் இல்லை. குடம்போல் தொங்கும் பூச்சி தின்னிச் செடிகளில் தேங்கிய நீரை, பூச்சி கிடந்தும் முகம் சுளிக்காமல் குடித்துத் தாகம் தீர்த்துக்கொண்டார்கள். இல்லாததை எண்ணி ஏங்காமல், கையருகே இருப்பதைக் கொண்டு பிழைப்பது நம் லயத்து மக்களுக்குப் புதிதா என்ன?

மலையின் பெரிய பாடம் அதன் கதையில் இருக்கிறது. இங்கே வாழ்ந்த இளவரசியை மணக்க விரும்பினார் மலாக்கா சுல்தான் மாமுட் என்கிறது மலாய் வரலாற்று ஏடான செஜாரா மெலாயு. அவள் கேட்ட சீரைக் கேளுங்கள்: மலாக்காவிலிருந்து மலைவரை தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், தட்டுத் தட்டாகக் கொசுவின் ஈரல், தாழி நிறையக் கண்ணீர். கடைசியில், சுல்தானின் இரத்தம் ஒரு கிண்ணம், அவர் மகனின் இரத்தம் ஒரு கிண்ணம்! மற்றதையெல்லாம் கொடுக்கலாம், இரத்தம் சிந்த மனம் வரவில்லை என்று சுல்தான் ஆசையைக் கைவிட்டார்.

அரசனே நிறுத்திய இடத்தில் நாம் நிறுத்தினோமா? கள்ளுக்கும் சம்சுவுக்கும் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையைக் கோட்டுப்பால் பொறுக்க அனுப்பிய வீடுகள் ஒரு காலத்தில் எத்தனை! அதுவும் மகனின் இரத்தம்தானே? இன்று தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன. நம்மவர் பலர் பட்டணம் போய்விட்டார்கள். குடிப்பழக்கம் மட்டும் சில வீடுகளில் கூடவே குடியேறிவிட்டது.

உச்சியில் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. யாரும் நம்மைக் கூப்பிடவில்லை, அதட்டவில்லை. "இப்பத்தான் மனசு லேசாச்சு" என்றார் பெரியவர்.

லேடாங் ஏற முன் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். விடியலிலேயே புறப்பட வேண்டும். முடியாதவர்களுக்குக் குளுவாங்கில் 510 மீட்டர் லம்பாக் மலை இருக்கிறது. குன்றில் நிற்கும் முருகனைக் காண பத்துமலையின் 272 படிகளை ஏறுகிற கால்கள் அல்லவா நம்முடையவை? அடுத்த ஓய்வு நாளில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மலைக்குப் போய் வாருங்கள். அன்று ஒரு நாளாவது போத்தலுக்கு விடுமுறை கொடுங்கள்!