உங்களுக்குத் தெரியுமா? தில்லியில் ஒரு திருச்சிக்காரர்

பாதுகாப்பு, வெளியுறவுக் கொள்கை ஆய்வுக்கென்றே 1965 நவம்பரில் தில்லியில் தொடங்கப்பட்டது ஐ.டி.எஸ்.ஏ. பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் நடந்தாலும் இது தன்னாட்சி நிறுவனம். இதற்குப் பெயர் வாங்கித் தந்தவர் திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்த ஐ.ஏ.எஸ். அதிகாரி கே. சுப்பிரமணியம். 1968–75, 1980–87 என இருமுறை இயக்குநராக இருந்தார். அமைச்சக அறைகளுக்குள்ளேயே முடங்கியிருந்த அணு ஆயுதக் கொள்கையைத் தம் கட்டுரைகளால் பொது விவாதத்துக்குக் கொண்டுவந்ததே அவரது பெரும்பணி. 1999இல் கார்கில் போர் பற்றிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். உளவு அமைப்புகளிடையே ஒருங்கிணைப்பு இல்லாததை அக்குழு ஒளிவுமறைவின்றிச் சுட்டியது. ஆனால் பாதுகாப்பு கருதிச் சில பகுதிகள் நீக்கப்பட்டே அறிக்கை வெளியானது. 1999இல் தமக்கு அறிவிக்கப்பட்ட பத்ம பூஷணை, அரசு அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசு விருது பெறுவது முறையல்ல என்று மறுத்துவிட்டார்.