உங்களுக்குத் தெரியுமா? - ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு?

‘ஒன் மொமென்ட்’ என்கிறோமே, அந்த மொமென்டுக்கு ஒரு காலத்தில் கணக்கு இருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு மணி நேரத்தை 40 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மொமென்ட். இன்றைய கணக்கில் 90 விநாடி. மணியை 22,560 பங்காக்கி, அதில் ஒன்றுக்கு அணுவின் பெயரையே சூட்டியவர்களும் அக்கால ஐரோப்பியர்கள்தான்.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ‘இதோ வந்துவிட்டேன்’ என்பதற்கு, ஆட்டுக்குட்டி இரண்டு தரம் வாலாட்டும் நேரத்தில் வருவதாக ஆங்கிலேயர் சொல்வதுண்டு. அந்த வாலாட்டலை, ‘ஷேக்’ என்ற அதே சொல்லை, இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்ட விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஷேக் 10 நானோவிநாடி. அணு பிளந்து தெறிக்கும் நியூட்ரான் அடுத்த அணுவைப் பிளக்க ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகும். அத்தனை பயங்கரமான வேலைக்கு இத்தனை சாதுவான சொல்!

நொடிப்பொழுது என்று பொருள்படும் ‘ஜிஃபி’யும் தப்பவில்லை. லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு அதுவே பெயர்.

டேஷ், பிஞ்ச், ஸ்மிட்ஜன்: மூன்றும் சமையலில் கைப்பதம். ஆனால் அமெரிக்கக் கடைகளில் இந்தப் பெயர்கள் பொறித்த குட்டிக் கரண்டிகளே விற்கின்றன. பெரும்பாலும் டீஸ்பூனில் 1/8, 1/16, 1/32.

துளியளவு என்று பொருள்படும் ‘ஐயோட்டா’, ‘ஜாட்’ இரண்டுக்கும் மூலம் ஒன்றே: கிரேக்க நெடுங்கணக்கின் மிகச் சிறிய எழுத்து.

‘ஸ்கோஷ்’ என்றாலும் கொஞ்சம்தான். போருக்குப் பின் ஜப்பானில் தங்கிய அமெரிக்கப் படைவீரர்கள் ‘சுகோஷி’ என்ற ஜப்பானியச் சொல்லைச் சுருக்கி ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

எந்தக் கணக்குக்குள்ளும் அடங்காதது ‘ஃபியூ’. ‘ஷி ஹேஸ் ஃபியூ ஃபிரண்ட்ஸ்’ என்றால், அவளுக்கு நண்பர்கள் இல்லாத குறை தெரிகிறது. முன்னால் ஓர் ‘எ’ சேர்த்து ‘எ ஃபியூ’ என்றால், சிலராவது இருக்கிறார்கள் என்ற நிறைவு. இரண்டு இடத்திலும் அதே மூன்று பேராக இருக்கலாம். ‘லிட்டில்’ என்ற சொல்லும் இப்படியே. மருத்துவர் ‘லிட்டில் ஹோப்’ என்றால் கைவிரிக்கிறார்; ‘எ லிட்டில் ஹோப்’ என்றால் இன்னும் முயன்று பார்க்க இடமிருக்கிறது என்கிறார்.