வசந்தம் சொல்லும் பாடம்: கடல் கடந்து படித்தவர்கள் வளர்த்த பசுமை

மாசி முடிந்து பங்குனி பிறந்தால் சிவாஜிநகர்வாசிகளுக்குக் காசு செலவில்லாத ஒரு விருந்து காத்திருக்கிறது. ரசல் மார்க்கெட்டின் இரைச்சலையும் பஸ் நிலையத்தின் நெரிசலையும் விட்டுவிட்டு, குயின்ஸ் ரோடு வழியே நடந்தால் கப்பன் பூங்கா வந்துவிடும். புங்க மரங்கள் பழைய இலையை உதிர்த்துத் தளிர் விட்டிருக்கும். ஜக்கரண்டா ஊதாப் பூவைத் தரையெல்லாம் இறைத்திருக்கும். அது ஓய்ந்ததும் குல்மோகர் சிவக்கத் தொடங்கும்.

சென்ற ஞாயிறு அங்கே பழக்கமான அன்பர் ஒருவரைச் சந்தித்தேன். ஆலையில் வேலை பார்ப்பவர். மகன் பட்டப்படிப்பை முடிக்கப் போகிறான். வெளிநாட்டில் மேல்படிப்பு என்கிறான். ஏஜெண்டு ஒருவர் பெருந்தொகை கேட்கிறாராம். "ஊரில் இருக்கும் நிலத்தை விற்றுவிடலாமா சார்?" என்றார்.

அவருக்கு நான் சொன்ன பதில் அந்த மரங்களின் கதைதான்.

ஜெர்மானியர் நட்ட மரங்கள்

இப்பூங்கா 1870-ல் உருவானது. பெங்களூரில் ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்த மரம் பூக்க வேண்டும், ஆண்டு முழுவதும் நகரில் எங்கேனும் மலர் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டவர் கிரும்பிகல் என்ற ஜெர்மானியர். லண்டனிலுள்ள புகழ்பெற்ற கியூ தோட்டத்தில் தொழில் கற்றவர். பரோடா சமஸ்தானத்தில் பணிபுரிந்து, 1908-ல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தார். 1932 வரை லால்பாகைக் கவனித்தார். 1956-ல் பெங்களூரிலேயே காலமானார். லால்பாக் அருகே ஒரு சாலைக்கு அவர் பெயர் உண்டு.

அவருக்குப் பின் யார்? இன்னொரு வெள்ளைக்காரரைத் தேடவில்லை. கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்று வந்திருந்த நம் நாட்டவரான ஜவரய்யா பொறுப்பேற்றார். பின்னாளில் வந்த மரிகவுடா, மைசூர் மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கியூவில் பயின்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1951-ல் லால்பாக் பொறுப்புக்கு வந்தார். கர்நாடகமெங்கும் தோட்டக்கலைப் பண்ணைகளையும் நாற்றங்கால்களையும் பரப்பினார்.

ஜக்கரண்டா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. வந்த மரமும் வேரூன்றியது. போன பிள்ளையும் படித்துத் திரும்பி ஊருக்கு நிழல் தந்தான். நாம் காணும் வசந்தத்தில் இந்த இருவருக்கும் பங்குண்டு.

ஏழைக்கு வழி உண்டா?

உண்டு. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1950-களிலிருந்து நடந்து வருகிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உரியது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மதிப்பெண் 60 சதவீதம் வேண்டும். வயது 35-க்கு மேற்படலாகாது. முதுகலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானக் கட்டணம் அனைத்தும் கிடைக்கும். இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

பிழைக்க வந்த நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினராக இருப்பவர் கர்நாடகத்தில் குடியேறியதால் மட்டும் இங்குள்ள மாநிலச் சலுகைக்கு உரியவராகிவிட மாட்டார். சொந்த ஊரில் தகப்பனார் வாங்கிய சாதிச் சான்றிதழே அவர் பிள்ளைக்கு ஆதாரம். அதைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள்!

சாதி, மதம் பாராமல் தகுதி பார்த்துக் கடனாக உதவுவது டாட்டா அறக்கட்டளை. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-ல் தொடங்கியது. வேலைக்குப் போனபின் திருப்பிக் கட்ட வேண்டும். கேரளத்தில் வறிய குடும்பத்தில் பிறந்த கே.ஆர்.நாராயணன் டாட்டா உதவியுடன்தான் லண்டனில் பொருளாதாரம் படித்தார். 1997-ல் நாட்டின் ஜனாதிபதியானார்.

கிரும்பிகலின் ஜெர்மனியிலும் வாய்ப்பு உண்டு. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் சில இடங்களில் வெளிநாட்டவரிடம் வசூலிக்கிறார்கள். முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். தவிர, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை வங்கியில் காட்டியாக வேண்டும். ஜெர்மன் மொழியை இந்திராநகரிலுள்ள மாக்ஸ்முல்லர் பவனில் கற்கலாம்.

பணத்துக்கு வங்கிக் கடனும் உண்டு. வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. நான்கு லட்சத்துக்கு மேல் போனால் சில வங்கிகள் ஜாமீன்தாரர் கேட்கலாம்.

அவசரம் வேண்டாம்

அன்பரிடம் நான் சொன்னது இதுதான்: "நிலத்தை விற்குமுன் உதவித்தொகைக்கு மனுப் போடுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பையனே நேரில் எழுதட்டும். அதற்கு ஏஜெண்டு தேவையில்லை. அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் யாரிடமும் பெருந்தொகை கொடுக்காதீர்கள். ஓராண்டு தாமதமானாலும் நஷ்டமில்லை."

கம்ப்யூட்டர் ஒன்றுதான் படிப்பு என்று எண்ணவும் வேண்டாம். மரம் வளர்க்கும் படிப்பைப் படித்தவர்கள்தான் இந்த நகரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள்.

அன்பர் சற்று நேரம் தலைக்கு மேலிருந்த ஊதாப் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த ஞாயிறு பையனையும் கூட்டி வருகிறேன்" என்று சொல்லிப் புறப்பட்டார்.

நிலம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.